கண் முழித்திருப்பவர்களின் வீடுகள்

வீடு வீடாகப் போய், நினைவில்லாமல் படுத்திருப்பவர்களின் கைகால்களை நீட்டி மடக்கிவிடுகிற பிசியோதெரபிஸ்ட் நான். மற்ற பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கிடைக்கிற திட்டு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களே, நம் வீட்டில் மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைக்காதீர்கள். விருதுநகரிலிருந்து தாயில்பட்டி வரை என் வண்டி நிற்கிற வாசல்கள் பல. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வாசலைத் தாண்டாதவர்களை யார் எண்ணுகிறார்கள்?

கண் முழிச்சாச்சு

காதர் பாய் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. பல வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும், அவர் மனைவி பல்கீஸ் அக்கா சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு "கண்ணு முழிச்சிட்டாக" என்று சொல்லிவிட்டார். நம் பேச்சில் கண் முழித்தால் பிழைத்தார் என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்த பிறகும் பாய் காலையில் கண் திறப்பார், ராத்திரி மூடுவார். அவ்வளவுதான். கண் திறப்பது வேறு, நினைவு திரும்புவது வேறு என்று நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"முழிச்ச மனுசன் என்னைய ஏன் தம்பி பாக்க மாட்டேங்காக?"

வெடிச் சத்தம்

தாயில்பட்டியில் ஒரு விவசாயி. அவர் மனைவிக்கும் இதே நிலை. ஒருநாள் நான் அந்த அம்மாவின் காலை மடக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுச் சோதித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அது உடம்பு தானாகச் செய்வது, நினைவுக்கு அடையாளம் இல்லை என்றேன். அவர் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அங்கன போயி இன்னொண்ணு போடச் சொல்லுதேன் சார். என் சத்தத்துக்கு அசையாதவ அதுக்காவது அசையுதாளே."

வத்தல் நெடி

காதர் பாய்க்கு நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்தது. அடுத்த முறை மூச்சு முட்டினால் வென்டிலேட்டரில் வைப்பதா, வீட்டிலேயே வைத்துச் சிரமம் தெரியாமல் பார்த்துக்கொள்வதா, அவர் எதை விரும்புவார் என்று யோசித்து வையுங்கள் என்றார் டாக்டர். பாயின் தம்பி ரபீக்குக்கு மனசு கேட்கவில்லை. பழகின வாசனைக்கு அண்ணன் எழுந்துவிடுவார் என்று கடையிலிருந்து ஒரு கை வத்தல் அள்ளி வந்து மூக்கருகே கசக்கினார்.

பாய் தும்மினார். ரபீக் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அக்கா மட்டும் மெதுவாக உட்கார்ந்தார். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் எவ்வளவோ சொல்லியும் காதில் ஏறாத விஷயம் அந்தத் தும்மலில் ஏறிவிட்டது. மருத்துவத்தில் அதற்கு மதிப்பு கிடையாது.

"வத்தல் மூடைக்குள்ளயே கெடந்த மனுசன், ஒருநாளும் தும்முனதில்ல. இது அவுக இல்ல தம்பி. அவுக எப்பவோ போயிட்டாக."

கை

பாய்க்குக் காய்ச்சல் வந்தது. ரபீக்கும் அக்காவும் பேசி, வென்டிலேட்டர் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொன்னார்கள். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார் அவர். இனி எனக்கு என்ன வேலை என்று பையைத் தோளில் மாட்டினேன். அக்கா வாசலை மறித்து நின்றார். பயிற்சி விட்டுப்போனால் விரல்கள் இறுகி முஷ்டியாகிவிடும் என்று நான் எப்போதோ சொன்னதை அவர் மறக்கவில்லை.

"நிறுத்திராதீக தம்பி. போற வரைக்கும் கை விரிஞ்சே இருக்கட்டும். நான் பிடிச்சுக்கிடணும்ல."

"வலிக்குதுலே, கையை விடு" என்று யாராவது ஒருத்தர் என்னைத் திட்டிவிட மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு வண்டியைத் திருப்புகிற பிழைப்பு இது.