கணக்கில் விடுபட்ட இருபதடி

சுதந்திரத்துக்கு ஐந்தாறு வருஷம் முந்தி, கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ரோடு போட அளவெடுத்துக்கொண்டிருந்தோம். நான் சர்வேயர். வயது இருபத்தாறு, முன்கோபத்துக்கும் கணக்குத் திமிருக்கும் குறைவில்லை. மூன்று நாளாக மூடுபனி, வேலையே ஓடவில்லை. அது விலகிய அன்று பார்த்தால், கோணம் அளக்கும் தியோடலைட்டுக்கு நேர் எதிரே ஒரு பட்டமரம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

வெட்டச் சொன்னேன். மரம் சரிவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஐம்பதடி கீழே ஒரு கூரை வீடு. விழுந்தால் வீடுவரை எட்டுமா? இதென்ன பிரமாதம்! மரத்துக்கு மேற்பக்கம் சரிவில் நின்றபடியே உச்சியின் கோணத்தைப் பார்த்தேன். அங்கிருந்து மரம்வரை அளவுச் சங்கிலி பிடித்துத் தூரம் எடுத்தேன். டாஞ்சன்ட் அட்டவணையைப் பார்த்துப் பெருக்கி, என் கண் உயரம் ஐந்தடியையும் கூட்டினேன். நாற்பதடி. இன்னும் பத்தடி மிச்சம் இருக்கிறது.

ஆனால் அந்த வீட்டுப் பெண் கேட்டால்தானே! தூளியில் கைக்குழந்தை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று நானே சொல்லியும், "எட்டுமுங்க, செத்த பொறுங்க" என்று உள்ளே போனாள். முதலில் குழந்தை வந்தது. பிறகு கேழ்வரகுப் பானை. பிறகு கோழிக்கூடை. மறுபடி பனி இறங்கிவிடுமே என்ற ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

"நாப்பதடிதாம்மா! கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். உனக்கென்ன தெரியும்?"

"கணக்குத் தெரியாதுங்க. நீங்க மேல நின்னு ஒரு வாட்டி பாத்தீங்க. நா கீழ நின்னு தெனமும் பாக்கறனுங்க."

மரம் விழுந்தது. உச்சிக் கிளை கூரையைப் பிளந்துகொண்டு, தூளி கட்டியிருந்த இடத்திலேயே இறங்கியது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் போட்ட முக்கோணம் சமதரைக்கு உரியது. மேட்டில் நின்ற என் காலுக்கும் கீழே, சரிவில், மரத்தில் இன்னும் இருபதடி இருந்தது. அதை நான் சேர்க்கவே இல்லை. மலையில் நின்றுகொண்டு செங்கோணத்தைத் தரையில் தேடிய மடையன் நான்.

திட்டுவாள் என்று நின்றேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "கூரைய எப்பங்க மேஞ்சு குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ஆட்களோடு நானும் புல் சுமந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகளை அளந்துவிட்டேன். ஆனால் அன்று அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், என் மேலேயே எனக்கு வருகிற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.