முனியம்மா அக்கா சாவுக்கு நான் போகவில்லை

முனியம்மா அக்கா போய்விட்டார் என்று வியாழக்கிழமை காலையில் திருப்பதியிலிருந்து அவர் மகள் செல்வி போன் செய்தாள். நான் நம்பவில்லை. "ஆஸ்பத்திரியா, வீடா? பக்கத்துல யாரு கீறாங்க? அவங்ககிட்ட போனக் குடு" என்றேன். அம்மாவைப் பறிகொடுத்து அழுகிறவளிடம் அப்படிக் கேட்கக் கூடாதுதான். ஆனால் போனில் வந்த சாவுச் சேதியால் நாங்கள் ஒருமுறை பட்டிருக்கிறோம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விஜயபுரம் பக்கம், ஏரியோரம் இருக்கிற எங்கள் இருளர் காலனியில் முதன்முதலில் போன் வைத்திருந்தவர் அவர். வயலில் எலி பிடிக்கப் போனாலும் அது இடுப்பில் இருக்கும்.

எங்கள் சனத்தில் ஒரு காலனியில் சாவு விழுந்தால் மற்றக் காலனியில் ஒருவரும் வீட்டில் தங்க மாட்டோம். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு, குடிபாலாவில் கோவிந்தன் மாமா செத்துவிட்டார் என்று அக்காவின் போனுக்குச் சேதி வந்தது. அக்கா கத்திச் சொன்னார். அத்தனை பேரும் பஸ் ஏறினோம். அங்கே மாமா வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "யாருக்குடி மாரடிச்சிக்கினு வரீங்க?" என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் எங்கள் குடிசைகளைச் சுற்றி முள்கம்பி. "ஆளில்லாத குடிசைங்க, இது என் இடம்" என்றார் பக்கத்து மாந்தோப்புக்காரர்.

சேதி வந்தது யார் போனில்? அந்தக் கேள்வி அன்றைக்கே எனக்குள் முள்ளாக ஏறியது. முந்தின வாரம் அக்கா அந்தத் தோப்புக்குக் கூலிக்குப் போனதும் ஞாபகம் வந்தது. "ஒன் நம்பரு அந்தாளுக்கு எப்படித் தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"கூலிக்குக் கூப்பிடறதுக்கு நாந்தான் குடுத்தேன்" என்றார். அன்றோடு நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

கம்பிக்கு வெளியே உட்கார்ந்தோம். குடிபாலாவிலிருந்தும் நகரிப் பக்கத்திலிருந்தும் எங்கள் சனம் பானை சட்டியோடு வந்து சேர்ந்தது. அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவர் அக்காதான். எனக்கும் வைப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்பேன்.

பிறகு சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு அர்ஜி எழுதி எடுத்துக்கொண்டு போனோம். ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். "சாவுக்கே நாங்க ஒருத்தரா போறதில்ல சார், இதுக்கா போவோம்?" என்று அக்கா வாசலிலேயே உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தோம். கடைசியில் அதிகாரியே வெளியே வந்தார். அக்கா கோவிந்தன் மாமாவை முன்னால் தள்ளினார். மாமா கும்பிட்டு, "நாந்தான் சார் அன்னிக்கி செத்தவன்" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவரையும் நான் நம்பவில்லை. ஆனால் சர்வேயர் வந்து அளந்தார், கம்பி போனது. பட்டா மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

போன தை மாதம், உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"நான் செத்தா எல்லாரும் வரட்டும். நீ மட்டும் வராத. இங்கயே குந்திக்கினு இரு."

"ஏன், நான் மூஞ்சி பாக்கக் கூடாதா?"

"என்னியே நம்பாதவ நீ. எவன் வந்து என்னா சொன்னாலும் நம்ப மாட்ட. காவல் காக்க வேற ஆளுக்கு எங்க போவேன்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் திருப்பதி பஸ் ஏறினார்கள். நான் இருந்தேன். தோப்புப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்ட போதெல்லாம் தடியோடு போய்ப் பார்த்தேன். மத்தியானம் செல்வி மறுபடி கூப்பிட்டு, "கேளு சின்னம்மா" என்று போனை நீட்டிப் பிடித்தாள். மேளம் கேட்டது. பின்னால் எங்கள் சனத்தின் அழுகை, ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரிந்தது. அப்போதுதான் நம்பினேன்.

கம்பிக்கு நட்ட கல்லைப் பிடுங்கிய குழி ஒன்று இன்னும் மூடாமல் கிடக்கிறது. போனைக் காதில் வைத்தபடியே அதில் மூன்று கை மண் போட்டேன்.

அக்கா, நம்பரை அவனுக்குக் கொடுத்தது தப்புதான். அதை நான் மறக்கவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போங்கள். நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.