லாட்டு என்று ஒரு சொல்

நோட்டைத் தொலைத்தது வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருடம் பி.ஏ. இல்லை. சிலமலையில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். அடியார்களே, இத்தனை காலம் கழித்து எழுதும்போதும் அன்றைய சாரலின் ஈரம் என் விரலில் இருக்கிறது.

ஆங்கிலம் படித்தேன். மொழியியலில் ஆளுக்கொரு சிறு ஆய்வு செய்யச் சொல்லியிருந்தார்கள். ஏலத்தோட்டத்துப் பெண்களின் பேச்சில் கலந்த ஆங்கிலச் சொற்களை நான் எடுத்துக்கொண்டேன். விடுமுறைதோறும் அவர்களோடு போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறி, காதில் விழுந்த சொற்களை நோட்டில் குறித்துக்கொள்வேன். பஸ்சு, ஜீப்பு, லோடு என்று சொல்லின் வாலில் ஓர் உகரத்தைக் கட்டி, ஆங்கிலத்தை அவர்கள் ஆட்டுக்குட்டி போலப் பழக்கி வைத்திருந்தார்கள்.

"நாங்க பேசுறது இங்கிலீசா அப்பு? அப்ப இனிமே கங்காணி எங்களை மேடம்னுல்ல கூப்புடணும்" என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே குலுங்கும்.

அந்த வியாழன் மலையிறங்கும்போது தூறல். நோட்டு நனையக் கூடாதென்று, எதிரே கிடந்த ஏலக்காய் மூட்டையின் வாயைத் தளர்த்தி உள்ளே செருகினேன். வளைவுகளில் கண்ணயர்ந்துவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது.

மறுநாள் காலை ஜீப் ஓட்டும் தங்கராசு அண்ணனைத் தேடிப் பிடித்தேன்.

"அந்த மூட்டை விடியவுமே லாட்டுல சேந்திருச்சே தம்பி."

என் உயிர் போயிற்று. 'லாட்டு: லோடு என்பதன் மலைத் திரிபு, லாரிச் சுமை' என்று நானே அந்த நோட்டில் எழுதியிருந்தேன். பேராசிரியர் பாராட்டிய பதிவு. அப்படியானால் மூட்டை லாரியேறி வடக்கே போய்விட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி நடந்தேன்.

கால் என்னை அடிவாரத்து முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனது. எனக்கு அழுகை வந்தது. "முருகா, என் சொல்லெல்லாம் போச்சு. நீதான் ஒரு வழி சொல்லணும்." அவ்வளவுதான் வேண்டினேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

"என்னப்பா, பரீச்சையில கோட்டை விட்டுட்டியா?"

திரும்பினால் செல்லத்தாய். ஐந்தாவது வரை என்னோடு படித்தவள். போடியில் காய் தரம் பிரிக்கும் கடையில் அவளுக்குச் சோலி. தேங்காய் முறியோடு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"லோடுன்னா லாரியில போகும். லாட்டு எங்க போகும்? ஒவ்வொருத்தர் காயையும் தனித்தனியா நம்பர் போட்டு அடுக்கி வைக்கிறதுதான் லாட்டு. ஏலத்துக்குக் காத்துக் கெடக்கும். இம்புட்டு நாளா எங்க பேச்சை என்னத்த எழுதுன? மத்தியானம் ஏலம், வெரசா ஓடு. முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் நீ சொல்ற லோடுதான்."

மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த ஏலக் கிட்டங்கிக்கு ஓடினேன். ஏலம் தொடங்கவில்லை. கிட்டங்கிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எங்கள் ஜீப்பில் வந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். நான்காவது மூட்டையில் கை நின்றது. பச்சைக் காய்களுக்குள்ளிருந்து என் நோட்டை உருவி எடுத்தார்.

"ஏலக்காய்க்குள்ள இங்கிலீசு வெளைஞ்சிருக்குப்பா."

அன்றே அந்தப் பதிவை அடித்துத் திருத்தினேன். லாட்டு வேறு, லோடு வேறு; ஆங்கிலத்திலும் அவை லாட், லோட் என்று இரண்டு சொற்கள்தான். நோட்டு தொலையாமல் இருந்திருந்தால் அந்தத் தப்போடுதான் கட்டுரை போயிருக்கும். நோட்டை மட்டும் கேட்டேன், என் பிழையையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தான் முருகன்.

அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை, ஓரிடத்தில் நிலைத்ததில்லை. செல்லத்தாய் வாக்கப்பட்டுப் போன ஊர் தெரியவில்லை. நோட்டு மட்டும் என் பூசை அலமாரியில் இருக்கிறது. ஏலக்காய் வாசனை என்றைக்கோ போய்விட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்து முகர்கிறேன்.

ஆறு மாதம் அந்தப் பெண்கள் பேசியதை எழுதினேன்; காதுகொடுத்தது அன்று ஒருநாள்தான். வேண்டுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் உண்டு. நமக்கு இரண்டுக்கும் 'கேள்' என்ற ஒரே சொல் போதும். உங்களுக்கும் எல்லாம் லாரியேறிப் போய்விட்டதென்று தோன்றுகிற நாள் வரலாம். அன்று முருகன் சந்நிதியில் போய் நில்லுங்கள். கேளுங்கள். பிறகு, பக்கத்தில் யார் பேசினாலும், கேளுங்கள்.