என்னைத் தூக்க வேண்டாம்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் நகருக்கு அரசு மானியத்தில் ஒரு சமுதாயக் கூடம் வந்தது. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பகலில் வந்து உட்கார ஓர் அறை, வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஓர் அறை. அதுவரை நான் அந்தச் சிகிச்சைக்காகப் பூந்தமல்லி வரை ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பாதி ஆட்டோக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதனால் இந்தக் கூடம் கேட்டு மனு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு போய், வேலையை முடித்துவிட்டு, நானே உருட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வரைபடத்தில், நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் சரியாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு மழை வந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்து பார்க்காதவர் கிடையாது. யார் எதைக் கட்டினாலும் முதலில் தரையை உயர்த்துவார்கள். கூடத்தின் தரையையும் உயர்த்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தரை உயர்ந்தால் சாய்தளமும் நீள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய நீளத்திலேயே சறுக்குமரம் போல ஒன்றைப் போட்டு, மேலே வழவழவென்று டைல்ஸும் பதித்துவிட்டார்கள்.

திறப்பு விழாவில் எனக்கு முதல் வரிசை என்று சொல்லியிருந்தார்கள். புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சாய்தளத்தில் நாற்காலியை ஏற்றினேன். பாதி ஏறுவதற்குள் நாற்காலி பின்னால் வழுக்கி, தட்டுத்தடுமாறிக் கீழே வந்து நின்றேன். பேட்ஜ் குத்திய நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

"ஒண்ணியும் கவலப்படாதக்கா, சேரோட அலேக்கா தூக்கிக்கினு போயிட்றோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் கேட்காமலேயே தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

"கைய எட்றா!" என்றேன். அவர் என்னைவிட மூத்தவர். இன்றுவரை எனக்கு அதில் வருத்தமில்லை.

வார்டு மெம்பர் இறங்கி வந்தார். "இன்னாம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா? சீஃப் கெஸ்ட் வந்துகினுகீறாரு. ரெண்டு நிமிசம் தூக்கி உட்டா முடிஞ்சிது."

"இன்னிக்கி தூக்குவீங்க. அடுத்த வாரம் நான் ஒண்டியா வந்தா யாரு தூக்குவா? அவசரமா ஊட்டுக்குப் போணும்னா யாரக் கூப்புட்றது?"

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்மா."

"அப்பால வாணாம். நான் இங்கியே கீறேன்."

சாய்தளத்தின் அடியிலேயே பிரேக்கைப் போட்டுக்கொண்டேன். மேலே மைக் பேச ஆரம்பித்தது. மூட்டுவலிக்கார அம்மா ஒருவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனுக்கும் ஏற முடியாது நைனா" என்று மெம்பரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து வாக்கர் ஊன்றி வந்த பாய் ஒருவர். கொஞ்ச நேரத்தில், யாருக்காகக் கட்டினார்களோ அவர்களெல்லாம் கீழே, கட்டியவர்களெல்லாம் மேலே. பயனாளிகளைப் பார்க்க வேண்டுமென்று சிறப்பு விருந்தினர் கேட்டபோது, அவர்தான் இறங்கி வர வேண்டியிருந்தது. சாய்தளத்தில் கால் வைத்ததும் பிடித்துக்கொள்ளக் கம்பி தேடினார். கம்பியும் கிடையாது.

விழா முடிந்த பிறகு அந்தச் சாய்தளத்தை இடித்தார்கள். நீட்டிக் கட்ட இடமில்லை என்று பேச்சு வந்தபோது, பைக் நிறுத்த ஒதுக்கிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிலிருந்து சிலர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாமே, எனக்கென்ன.

புதுச் சாய்தளம் கட்டடத்தை ஒட்டி வளைந்து ஏறியது. முதல் நாள் நான் தனியாக ஏறினேன். கை வலித்தது, மூச்சு வாங்கியது, ஆனால் சக்கரம் ஓர் இடத்திலும் பின்னால் போகவில்லை. புதுச் சாய்தளத்தைப் பார்வையிட வந்து மேலே வாசலில் நின்றிருந்த அதிகாரி ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்ட ஆரம்பித்தார். கூட நின்றவர்களும் தட்டினார்கள்.

"கை தட்டாதீங்க சார்" என்றேன். "வாசல்ல நிக்காம கொஞ்சம் நவுந்துக்குங்க. நான் உள்ள போணும்."