தராசிக்கு மாலை போட்டு ஈலிங் போன கதை

போன ஞாயிறு நபீல் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடமாக அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வீட்டுக்கு அழைத்தது இதுதான் முதல் தடவை. லெபனானிலிருந்து அவன் தகப்பனார் வந்திருந்தார். அவர்கள் துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்தவர்.

"வெறுங்கையோட போகேலாது," என்றாள் மனைவி. இணையத்தில் நுனிப்புல் மேய்ந்தேன். தராசி என்ற போதகரின் பெயரிலிருந்துதான் 'துரூஸ்' வந்ததாம். அப்படியென்றால் அவர்தானே மூலகுரு! அரபியில் அவர் பெயரை எழுதுவித்துச் சட்டம் போட்டு, ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய சந்தனமாலையையும் மாட்டினேன். குரு என்றால் மாலை இல்லாமலா?

காலை 10.12க்கு ஈஸ்ட் ஹாமில் டிஸ்ரிக்ட் லைன் ரயில். ஈலிங் பிராட்வே வரை மாறத் தேவையில்லை. ஒன்றேகால் மணி நேரம், 3.20 பவுண்டு. ஹாமர்ஸ்மித்தில் போன் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. மிச்சத்தைப் படித்தேன்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் கெய்ரோவில், ஆளும் கலீபாவே கடவுள் என்று தராசி பகிரங்கமாகப் பிரசங்கித்துக் கலவரத்தைக் கிளப்பினாராம். அந்தச் சமய இயக்கத்தின் தலைவரே அவரைக் கண்டித்துத் தள்ளிவைத்தார். பிறகு தராசி கொல்லப்பட்டார் என்கிறார்கள். துரூஸ் மக்களுக்கு அவர் துரோகி. தங்களை அவர்கள் 'ஏகத்துவர்' என்றுதான் சொல்வார்கள். தராசியின் பெயர் வெளியார் ஒட்டியது.

உடனே மனைவிக்குப் போன் போட்டேன்.

"ரெயினிலயே விட்டிட்டு இறங்குங்கோ."

"ஏலாதப்பா! ஆளில்லாத பொதி எண்டு பொலிஸைக் கூப்பிடுவாங்கள்."

ஒலிபெருக்கியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து வீடு 800 மீற்றர். பத்து நிமிட நடை. எனக்கு இருபத்தைந்து பிடித்தது. படச்சட்டம் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். வாசலிலேயே நபீலின் தகப்பனார் சிரித்தபடி கையை நீட்டிவிட்டார். கொடுக்காமல் எப்படி?

பிரித்தார். பெயரை வாசித்தார். நபீல் முகம் இறுகியது. "மன்னித்துக்கொள், அவர் யாரென்று ரயிலில்தான் படித்தேன்," என்றேன். கிழவர் மாலையைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"இது எதற்கென்று கேட்கிறார்," என்றான் நபீல்.

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "எங்கள் வீடுகளில் செத்தவர்களின் படத்துக்குப் போடுவது."

நபீல் மொழிபெயர்த்தான். கிழவர் அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"கழற்ற வேண்டாமாம்," என்றான் நபீல், அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆள் செத்தது உறுதியாகட்டுமாம்."

துரூஸ் நண்பர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: ஒரு பெட்டி இனிப்பு போதும். படிப்பதை ரயில் ஏறும் முன்பே முழுதாகப் படித்துவிடுங்கள். ஒன்பது வருடச் சிநேகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு போனால், ஹாமர்ஸ்மித்திலிருந்து ஈலிங் மிகவும் தூரம்.