மூன்று முறை கழுவிய வட்டுகள்

"போச்சுக்கா. ஒண்ணுகூட ஒட்டல," என்றார் ஆராய்ச்சி டாக்டர், மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே.

செல்லம்மா அவரை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். தட்டின் தரையைப் பற்றிக்கொண்டு நீளநீளமாகப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டு, சிந்திய கடுகு மாதிரி மிதந்துகொண்டிருந்தன.

"ரெண்டே நாள் நீங்க காய்ச்சல்னு படுத்தீங்க. நான் தொட்டேன், மொத்தமும் காலி. உங்க கைராசி எனக்கு வராதுக்கா. தட்டைக் குப்பையில போட்டுடுங்க. இதை ரிசல்ட்ல சேர்க்க வேணாம்."

அவள் தட்டைக் குப்பையில் போடவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். செல்களுக்கு ஊற்றும் சிவப்புத் திரவம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. பதினான்கு மாதங்களில் அவள் வைத்த ஒரு தட்டும் இந்த நிறத்துக்கு வந்ததில்லை.

"டாக்டர், வட்டை எத்தனை தடவை கழுவுனீங்க?"

"எந்த வட்டை?"

"சிமென்ட் வட்டை. செல்லு மேல வைக்கிறதுக்கு முன்னாடி."

"அதை எதுக்குக் கழுவணும்? வாயில வைக்கிற மாதிரியே அப்படியே வைக்கணும். எழுதின முறையிலயே இருக்கே."

"சும்மா கேட்டேன்," என்றாள்.

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. செல் வளர்ப்பவள் என்பதால் மாணவர்கள் செல்லம்மா என்றார்கள். பிறகு துறைத் தலைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். பல் மருத்துவக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் பிடுங்கும் ஞானப் பற்கள் சோதனைக் குழாய்த் திரவத்தில் கிடந்தபடி மேலே ஆய்வகத்துக்கு வரும். அவள் பல்லைப் பிளந்து, உள்ளே நூல் போலக் கிடக்கும் உயிர்ச்சதையை எடுத்து, பொடியாக நறுக்கி வளர்ப்பாள். பதினேழு வருடமாக இதே வேலை. ஒருமுறை, பதினோரு வருடத்துக்கு முன்னால், கழுவாமல் வைத்த ஒரு வட்டிலிருந்து பூஞ்சை கிளம்பி அலமாரியில் இருந்த தட்டுகள் முழுவதையும் அழித்தது. அப்போதிருந்த பேராசிரியர் பத்து மாணவர்கள் முன்னால் அவளை நிற்க வைத்து, "வீட்டுல பாத்திரம் கழுவற பழக்கமாவது உண்டா?" என்று கேட்டார். அன்றிலிருந்து செல்லைத் தொடும் எதையும் கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசாமல் அவள் வைத்ததில்லை. இதை எந்த நோட்டிலும் எழுதியதுமில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

ஆராய்ச்சி டாக்டரின் வேலை இதுதான். சொத்தை ஆழமாகி உயிர்ச்சதையை எட்டிவிட்ட பல்லில், அந்தச் சதைக்கு மேல் ஒரு சிமென்ட் பூசி மூடுவார்கள். பழைய சிமென்ட் இறுக மூன்று மணி நேரமாகும். டாக்டர் அதில் ஓர் உப்பைச் சேர்மானமாகக் கலந்தார். பத்து நிமிடத்தில் இறுகியது. அழுத்திப் பார்த்தால் பழையதைவிட உறுதி. உயிர்ச்சதை அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்கும் என்று செல்லம்மாவின் தட்டுகள் பதினான்கு மாதமாகச் சொல்லி வந்தன. மறுநாள் காலை கீழ்த்தளத்தில் ஆறு பேர் வாயில் அதை முதன்முதலாக வைக்கப் போகிறார்கள்.

ஆறில் மூன்றாவது பெயர் அவள் தங்கையுடையது. செல்லம்மாதான் சொல்லிச் சேர்த்தாள்.

டாக்டர் சாப்பிடப் போனதும் அவர் கலந்து வைத்திருந்த வட்டுகளில் இரண்டை எடுத்தாள். ஒன்றைக் கழுவினாள், ஒன்றை அப்படியே விட்டாள். சேர்மானம் இல்லாத பழைய சிமென்ட் வட்டு ஒன்றையும் கழுவாமல் எடுத்தாள். மூன்றையும் மூன்று தட்டில் நல்ல செல்கள் மேல் வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு மணிக்குப் பார்த்தபோது கழுவியதில் செல்கள் சுகமாக இருந்தன. பழைய சிமென்டில் நிறம் கொஞ்சம் ஏறியிருந்தது, செல்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. சேர்மானம் போட்டு, கழுவாமல் வைத்ததில் கத்தரிப்பூ நிறம். செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

மேலே கசிந்து நின்ற உப்பை அவள் கை பதினான்கு மாதமாகக் கழுவித் தொட்டியில் விட்டிருக்கிறது. கைராசி என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்ததும் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்த டாக்டர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"கழுவி வச்சோம்னு ஒரு வரி எழுதிட்டாப் போச்சு. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க."

"வாயில வச்சா யாரு டாக்டர் கழுவப் போறா?"

"வாயில ரத்தம் ஓடுது, எச்சில் ஊறுது. தட்டு வேற, பல்லு வேற." அவர் குரல் உயர்ந்தது. "ரெண்டு வருஷம்க்கா. என் கல்யாணத்தையே தள்ளி வச்சிருக்கேன். தப்பு பண்ணது நீங்க, தலையில கல்லு விழறது எனக்கா?"

தப்பு அவளுடையதுதான்.

டாக்டர் மேசைமேல் இருந்த பட்டியலை இழுத்து, மூன்றாவது பெயரின் மேல் கோடு போட்டார். "உங்க தங்கச்சி பேரை எடுத்தாச்சு. போதுமா?"

"சரி," என்றாள் செல்லம்மா. அந்தச் சொல் வாயிலிருந்து வந்த வேகம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று தங்கைக்குப் போன் செய்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வராதடி."

"என்னக்கா விளையாடறியா? லீவு சொல்லிட்டேன். மேஸ்திரி என்னை முழுங்கற மாதிரி பார்த்தான்."

"அந்தச் சிமென்ட் சரியில்ல."

"பத்து நாளா அமிர்தம்னு சொன்ன?"

"இப்பதான் தெரிஞ்சுது."

"நல்லாத் தெரிஞ்சுது போ. ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்." இயந்திரம் நின்றது. "அது சரி, போன வாரம் அங்க பெஞ்சுல என் பக்கத்துல ஒரு அம்மா உட்கார்ந்திருந்துச்சே, கட்டைவிரல்ல கட்டுப் போட்டுட்டு. அதுக்கும் நாளைக்குத்தான். பாவம், பேத்தி ஸ்கூல்ல பாட்டுப் பாடறதைப் பார்க்கணும், அதுக்குள்ள பல்லு சரியாயிடுமான்னு ஆயிரம் தடவை கேட்டுது. அதுக்குச் சொல்லிட்டியா?"

"பஸ் வருது," என்று சொல்லி செல்லம்மா போனை வைத்தாள். பஸ் வரவில்லை. வந்தபோது அவள் ஏறவில்லை. அடுத்ததில் ஏறினாள்.

மறுநாள் ஏழே முக்காலுக்குத் துறைத் தலைவியின் அறை வாசலில் நின்றாள். எட்டு மணிக்கு அவர் வந்தார். மூன்று தட்டுகளையும் காட்டினாள். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. சோதனையைத் தள்ளி வைத்தார்கள். வந்திருந்த ஐந்து பேருக்கும் பழைய சிமென்டே வைக்கப்பட்டது. கட்டைவிரலில் கட்டுப் போட்ட அம்மாள் சிமென்ட் இறுகட்டும் என்று ஈரப் பஞ்சைக் கடித்தபடி பன்னிரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முறையை மீறியதற்கு விளக்கம் கேட்டு செல்லம்மாவுக்குக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சி டாக்டர் ஒருமுறை உள்ளே வந்து, தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குத் தங்கை பேசினாள். வலி தாங்கவில்லை, தையல் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டாளாம். வாயில் பஞ்சு இருந்ததால் சொற்கள் குழறின.

"பல்லைத் தாள்ல மடிச்சுக் குடுத்தாங்கக்கா. உன் வேலைக்கு ஆகுமா?"

"ஆகாது," என்றாள் செல்லம்மா.

இரண்டு மணிக்குச் சேர்மானம் கலந்து பன்னிரண்டு வட்டுகள் செய்தாள். கழுவாமல் செல்கள் மேல் வைத்தாள். தட்டுகளின் மேல் தேதி எழுதினாள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனாள்.