கறை கழுவிய கிண்ணம்

தேநீர் தார் போலக் கறுத்ததும் அந்தக் கைகள் அதைத் துணியில் வடிகட்டின. அடுப்பின் மிதமான சூட்டில் இருந்த அகலக் கிண்ணத்தை வெளியே எடுத்து, நடுவில் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றின. சூட்டில் கிண்ணத்தின் கண்ணாடிப் பூச்சிலிருந்த மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்திருந்தன. பழுப்பு நிறம் ஒவ்வோர் இழையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. விளிம்புப் பக்கம் பரவப் பார்த்ததைத் தூரிகை ஒற்றி எடுத்தது. கிண்ணங்களிலிருந்து கறை எடுப்பதையே முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்த கைகள் அவை. கறை வைப்பது இதுதான் முதல் முறை.

வெர்னர் கோஃபொத் நெக்சோ துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வண்ணம் பூசி ஓய்வு பெற்றவர். தனி ஆள். வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கிண்ணங்களும் தட்டுகளும் இருந்தன. எல்லாம் எங்கள் போர்ன்ஹோம் தீவின் மண்ணில் செய்து சுட்டவை. அவற்றில் ஒன்றில்கூட அவர் சாப்பிட்டதில்லை. அவருடைய ரை தானிய ரொட்டிக்கும் ஹெர்ரிங் மீனுக்கும் விளிம்பு உடைந்த வெள்ளைத் தட்டு ஒன்று தனியாக இருந்தது.

சனிக்கிழமை காலைகளில் பழைய பொருள் சந்தைக்கு முதல் ஆளாகப் போய்விடுவார். ஒரு கிண்ணத்தை எடுத்தால் உள்ளே பார்க்கமாட்டார். முதலில் கவிழ்ப்பார். அடியில் உள்ள முத்திரை, எண், தரம் குறைந்ததென்று பட்டறைக்காரன் போட்ட கீறல், இவற்றைப் பார்ப்பார். பிறகு நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார். முழுசாக இருந்தால் நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் பலகையைத் தட்டியது போலச் செத்துப்போகும். ஒரு விருந்தில் மேசையில் வைத்த கிண்ணத்தை அப்படியே சாய்த்து அடியைப் பார்க்கப்போய், ஊறுகாய் மீன் முழுவதும் பாதிரியாரின் மடியில் கொட்டிய கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

வாங்கியதும் கழுவுவார். மருந்துக்கடையில் கிடைக்கும் வெளுப்புத் திரவத்தில் துணியை நனைத்து, கிண்ணத்தைச் சுற்றி, வாளியில் மூடி வைப்பார். வாரக்கணக்கில் ஊறும். யாரோ ஒருத்தியின் காப்பியும் குழம்பும் கொழுப்பும் வெடிப்புகளிலிருந்து கசிந்து வெளியே வரும். சூளையிலிருந்து அன்றைக்கு வந்தது போல ஆக்குவதுதான் செய்தவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்பது சேகரிப்பவர்களின் எண்ணம். வெர்னரும் அதில் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது மேசையில் இருந்தது அவருடைய அம்மாவின் கிண்ணம்.

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தபோது பிள்ளைகள் இருவரும் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். பெரிய சீட்டு வந்தவர் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், பிறகு மாறி மாறி. அக்கா எல்னாவுக்கு ஏழு வந்தது. வெர்னருக்கு ராஜா. கடைசி நான்கு ஆண்டுகள் அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியவள் எல்னா. வெர்னர் நேராகப் போய்க் கிண்ணத்தை எடுத்தார். அந்த அளவில் தீவில் மூன்றுதான் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். அடுத்து எல்னாவின் முறை. அம்மாவின் ரொட்டிக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. கடையில் எதிரே வந்தால் ஒருவர் வேறு வரிசைக்குள் திரும்பிவிடுவார்.

நவம்பர் நடுவில் எல்னாவின் மகள் கித்தே தொலைபேசியில் அழைத்தாள்.

"வெர்னர் மாமா, அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாட்டியோட கிண்ணத்தைப் பக்கத்துல வச்சுக்கணும்னு கேக்குறாங்க. உங்ககிட்ட கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்குறேன்."

தருகிறேன் என்றார் வெர்னர். கித்தே அதோடு தொலைபேசியை வைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்காகப் பாட்டி அந்தக் கிண்ணத்தில் ஈரக் களிமண்ணும் பாசியும் நிரப்பி நான்கு மெழுகுவர்த்திகள் நட்டு, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவாளாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தாத்தாவின் படகு திரும்பவில்லை. நான்காவது மெழுகுவர்த்தியை அணைக்கப் பாட்டி யாரையும் விடவில்லை. அது அடிவரை எரிந்து, பாசியில் பற்றி, கிண்ணத்தைக் கருக்கியது. தண்ணீர் ஊற்றி அணைத்தவள் பதினொரு வயது எல்னா. அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

அப்போது வெர்னருக்கு நான்கு வயது. அவருக்கு அது எதுவும் தெரியாது. பழுப்புத் திட்டு ஒன்றும் கறுப்புத் திட்டு ஒன்றும் நினைவிருந்தன. பங்கு பிரித்த அந்த வருடமே ஏழு வாரம் ஊறவைத்து இரண்டையும் எடுத்திருந்தார். சுத்தமாக வந்ததில் அவருக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

தேநீர் ஊற்றிய மூன்றாம் நாள் ப்ரெபன் வந்தார். அவரும் கிண்ணம் சேர்ப்பவர், வெர்னருக்கு இருந்த ஒரே நண்பர். மேசையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"உனக்கு மூளை குழம்பிருச்சா? மியூசியத்துல வைக்க வேண்டியதுக்கு டீ குடுக்குற?"

வெர்னர் விஷயத்தைச் சொன்னார். ப்ரெபன் கொஞ்சம் யோசித்தார். இதே அச்சில் தன்னிடம் கழுவாத கிண்ணம் ஒன்று இருப்பதாகவும் அதில் வேண்டிய அளவு அழுக்கு இருப்பதாகவும் சொன்னார்.

"அதைக் கொண்டுபோய்க் குடு. சாகப்போறவளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்பவும் அடிப்பக்கம்தானே தெரியும்," என்றார் ப்ரெபன். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

பழுப்பு பிடித்துவிட்டது. கறுப்பு பிடிக்கவில்லை. புகைக்கரியைத் தேய்த்தால் துணியோடு வந்தது. கடைசியில் வெர்னர் காட்டுக்குப் போய்ப் பாசி பறித்து வந்தார். களிமண் பரப்பி, பாசி போட்டு, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, பட்டப்பகலில் ஏற்றினார். வெறும் தீ பட்டால் சுட்ட மண் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அடிவரை எரியவிட்டார். பாசி பற்றியது. அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துச் சாய்த்தார். விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம் கேட்டது.

மண்ணை வழித்தெடுத்தபோது கறுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதன் குறுக்கே, விளிம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரு விரிசல். பழக்கத்தில் நகத்தால் சுண்டினார். ஒலி எழவில்லை. உள்ளிருந்து மெல்லிய பசையைத் தடவி, நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் காயவைத்தார். இனி அந்தக் கிண்ணத்தைச் சந்தையில் இலவசமாகக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள்.

கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரன்னே நகருக்குப் பேருந்தில் போனார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவளை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. எலும்பும் கண்ணுமாக இருந்தாள்.

"கிழவனாயிட்ட," என்றாள் எல்னா.

"உன்னைவிடச் சின்னவன்தான்."

கித்தே தலையணையை உயர்த்திவிட்டாள். வெர்னர் கம்பளியைப் பிரித்துக் கிண்ணத்தை அவள் முகத்துக்கு அருகே பிடித்தார். எல்னா நெடுநேரம் பார்த்தாள். ஒரு விரலை நீட்டிக் கறுப்பைத் தொட்டாள். பிறகு மூக்கை அருகே கொண்டுபோனாள்.

"டீ வாசம் வருது."

கித்தே மாமாவைப் பார்த்தாள். வழியில் சிந்திவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"டீதான்," என்றார் வெர்னர். "அம்மாவோட கறையை நான் அந்த வருஷமே கழுவிட்டேன் எல்னா. இது போன வாரம் நான் வச்சது. கறுப்பும் நான் எரிச்சதுதான். எரிக்கும்போது விரிசலும் விட்ருச்சு."

எல்னா கண்களை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே இருவரும் நினைத்தார்கள்.

"கழுவ எத்தனை நாளாச்சு?"

"ஏழு வாரம்."

"ஏழு வாரத்துல ஒரு நாள்கூட, அது என்ன கறைன்னு என்னைக் கேக்கத் தோணலையா உனக்கு?"

"இல்ல."

அவள் தலையை மெதுவாக அசைத்தாள். சரி என்றும் அதற்குப் பொருள் இல்லை, மன்னித்தேன் என்றும் இல்லை.

"நம்ம வீட்டுல கறுப்பு ஜன்னல் பக்கம் இருந்துச்சு," என்றாள். "திருப்பு."

வெர்னர் வட்டக் கிண்ணத்தைக் கைகளுக்குள் சுற்றி, கறுப்பு ஜன்னலைப் பார்க்கும்படி நிறுத்தினார். எல்னா இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே எடுத்தாள். மணிக்கட்டில் ஊசி ஒட்டியிருந்தது. அவர் கிண்ணத்தை அவள் வயிற்றின் மேல் இறக்கினார். கையை மட்டும் அடியிலிருந்து எடுக்கவில்லை.

"கனமா இருக்கும். நான் புடிச்சுக்கிறேன்."

"விடு," என்றாள் எல்னா.

அவர் கையை உருவிக்கொண்டார்.